கதிர் முற்றும் முன்பே நன்றி

செப்டம்பர் 8 அன்று பெங்களூரு சிவாஜிநகரில் கால்வைக்க இடம் இருக்காது. தூய மரியன்னை பேராலயத்தின் தேர்பவனியைக் காணக் காவி உடுத்திய கூட்டம் தெருக்களை நிறைத்து நிற்கும். ஆகஸ்ட் 29இல் கொடியேறி, நவநாள் செபங்களுடன் நடந்து, மரியன்னையின் பிறந்த நாளில் நிறைவடையும் விழா அது. வேளாங்கண்ணிக்கும் அதே நாட்கள்தான் என்பதால் தமிழர்களுக்கு அதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. செஞ்சிப் பக்கமிருந்து வந்து குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்கள் வழிபட்ட ஒரு சிற்றாலயமே அந்தப் பேராலயத்தின் தொடக்கம். இன்று கடைவீதியும் பேருந்து நிலையமுமாக நெரியும் அந்த இடத்தில் அப்போது வெள்ளரிசி விளைந்தது என்று ஊர்மரபு சொல்கிறது.

அதே நாளில், அதே நகரத்தில், கொங்கணி பேசும் மங்களூர்க் கத்தோலிக்கர்கள் கையில் நெற்கதிரோடு ஆலயத்திலிருந்து வெளியே வருவார்கள். அவர்களுக்கு இது மோந்தி விழா. முந்தைய 9 நாட்களும் குழந்தைகள் தட்டுகளில் பூக்களைக் கொண்டுவந்து குழந்தை மரியாவின் சுரூபத்துக்குத் தூவுகிறார்கள். நிறைவு நாளில் புதுக்கதிர்க் கட்டுகளைக் குரு மந்திரித்து, குடும்பத்துக்கு ஒன்றாகக் கொடுக்கிறார். குழந்தைகளுக்குக் கரும்புத் துண்டும் உண்டு. வீட்டுக்கு வந்ததும் அந்தக் கதிரின் மணிகளை உரித்து, அரைத்து, பாலிலோ தேங்காய்ப்பாலிலோ பாயசத்திலோ கலக்கிறார்கள். குடும்பத்தின் மூத்தவர் எடுத்துக் கொடுக்க, எல்லோரும் ஒரு வாய் உண்ட பிறகே இலையில் சாப்பாடு. அன்று மீனும் இறைச்சியும் கிடையாது. காய்கறி வகைகள் 3, 5, 7, 9 என்று ஒற்றைப்படையில் வரும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கதிரின் சில மணிகள் தபால் உறையில் போகும். பம்பாய்க்கும் வளைகுடா நாடுகளுக்கும் பெங்களூருக்கும் அப்படிப் போன உறைகள் ஏராளம்.

சில மணி நெல்லுக்கு இவ்வளவு மதிப்பு எதற்கு? விழாவின் வரலாறு இதற்குப் பாதிப் பதிலைச் சொல்லும். மீதிப் பாதியை நெற்பயிர்தான் சொல்ல வேண்டும்.

மங்களூருக்குக் கிழக்கே நேத்திராவதி ஆற்றங்கரையில் ஃபரங்கிப்பேட்டை என்றோர் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு மேட்டில் நின்ற மோன்தே மரியானோ ஆலயத்தில், கோவாவைச் சேர்ந்த ஜோக்கிம் மிராந்தா என்ற குரு 1763இல் இந்த விழாவைத் தொடங்கியதாக மரபு. ஆனால் கதிரை மந்திரிக்கும் வழக்கம் அதற்கும் மூத்தது. மங்களூர்க் கத்தோலிக்கர்களின் முன்னோர் கோவாவிலிருந்து தெற்கே வந்த உழவர் குடிகள். கோவாவில் இன்றும் ராயா ஊரில் ஆகஸ்ட் 5 அன்றும், தாளிகாவ் ஊரில் ஆகஸ்ட் 21 அன்றும் முதற்கதிர் அறுத்து ஆலயத்துக்கு எடுத்து வருகிறார்கள். மதம் மாறிய பின்னும் மாறாமல் நின்றது மழையும் வயலும். அவற்றோடு சேர்ந்து முதல் விளைச்சலைக் கடவுள்முன் வைக்கும் பழக்கமும் நின்றது. 1784இல் திப்பு சுல்தானின் ஆணைப்படி இந்த மக்கள் பல்லாயிரக்கணக்கில் ஸ்ரீரங்கப்பட்டினத்துக்குச் சிறைப்பிடித்துச் செல்லப்பட்டனர். எஞ்சியவர்கள் 1799க்குப் பிறகுதான் ஊர் திரும்பி மறுபடி வயலில் இறங்கினார்கள். அதற்குப் பின்னும் இந்தப் பண்டிகை தழைத்தது என்றால், அது வெறும் விருந்துநாளாக மட்டும் இருந்திருக்க முடியாது.

இனி நெல்லுக்கு வருவோம். மங்களூரைச் சுற்றிய துளு நாட்டில் நெல்லுக்கு மூன்று பட்டங்கள்: மழைக்காலத்து ஏணெல், அதையடுத்த சுக்கி, தண்ணீர் உள்ள இடங்களில் மட்டும் கோடையில் கொளகே. ஜூன் முதல் வாரத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் ஏணெல் தொடங்குகிறது. அங்கே பரவலாகப் பயிராவது 120 நாள் அளவிலான ரகங்கள். மே கடைசியில் நாற்றுவிட்டவருக்கும் ஜூனில் நாற்றுவிட்டவருக்கும் முழு அறுப்பு செப்டம்பர் பிற்பகுதியிலோ அக்டோபரிலோதான் வரும். அப்படியானால் செப்டம்பர் 8 அன்று பெரும்பாலான வயல்களில் அறுவடை முடிந்திருக்காது. முந்தி விதைத்த ஒரு சில வயல்களில் கதிர் பழுக்கத் தொடங்கியிருக்கும். மற்றவற்றில் பால் பிடித்து நிற்கும். களஞ்சியம் நிறைந்த பின் சொல்லும் நன்றி இது இல்லை. விளைச்சல் வீடு வருமா என்று தெரியாத வாரத்தில் சொல்லும் நன்றி. இந்த விழாவில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அந்த வாரத்தில் கதிருக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், நன்றியின் எடை இன்னும் கூடும்.

ஒரு நெற்பயிர் பூப்பதற்கான நாளை எப்படி முடிவு செய்கிறது? இந்தக் கேள்விக்கு விடை காண 20ஆம் நூற்றாண்டு முழுதும் தேவைப்பட்டது. பகல், இரவின் நீளத்தைச் செடிகள் அளக்கின்றன என்று 1920இல் அமெரிக்காவின் கார்னரும் அல்லார்டும் காட்டினார்கள். அளப்பது இலை; பூப்பது தண்டின் நுனி. இரண்டுக்கும் நடுவே ஒரு செய்தி போக வேண்டும். சோவியத் அறிஞர் சைலாக்யான் 1930களில் அந்தச் செய்திப் பொருளுக்கு ஃப்ளோரிஜென் என்று பெயரிட்டார். பெயர் கிடைத்தது, பொருள் கையில் சிக்கவில்லை. 2007இல்தான் ஜப்பானில் ஷிமமோட்டோவின் குழு நெற்பயிரில் அதைக் கண்டது. அதன் பெயர் Hd3a. அது இலையில் உருவாகி, தண்டின் நுனிக்குப் பயணம் செய்து, இனி இலை வேண்டாம், கதிர் விடு என்று சொல்லும் ஒரு புரதம்.

நெல் இயல்பில் இரவு நீளும்போது பூக்கும் செடி. நம் காவிரிப் படுகையின் பழைய சம்பா ரகங்கள் அப்படிப்பட்டவை. அவற்றை எப்போது விதைத்தாலும், ஐப்பசியை ஒட்டி இரவு நீளும்வரை காத்திருந்துதான் கதிர் விடும். மங்களூரின் அகலக்கோட்டில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் நடுவே ஒரு நிமிடத்துக்கும் குறைவான மாற்றம். அதையும் நெல் அளந்துவிடுகிறது. ஆனால் ஏணெல் பட்டத்தில் அத்தகைய ரகங்கள் பயன்படாது. ஜூனில் பகல் மிக நீளம். செப்டம்பருக்குள் கதிர் வர வேண்டுமானால் பயிர் இரவைக் கணக்கிடாமல், தான் வாங்கிய வெப்பத்தின் கூட்டுத்தொகையைக் கணக்கிட வேண்டும். முதல் பட்டத்துக்கு ஏற்ற, பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத ரகங்களை மேற்குக் கடற்கரையின் உழவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வைத்தார்கள். ஃப்ளோரிஜென் என்ற சொல் பிறப்பதற்கு முன்பே, எந்த விதை மழைக்கு, எந்த விதை பனிக்கு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது செப்டம்பர் 8இலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். வெப்ப நாடுகளில் நெல் பூத்ததிலிருந்து முற்றுவதற்கு ஏறக்குறைய 30 நாள். கதிர்க்குருத்து உருவாவதிலிருந்து பூப்பதற்கு ஏறக்குறைய 35 நாள். ஆக, விழாவன்று முக்கால்வாசி முற்றிய ஒரு கதிர் ஆகஸ்ட் நடுவில் பூத்திருக்கும். அதன் குருத்து ஜூலை முதல் பாதியில், மழை வெளுத்து வாங்கும் நாட்களில், தண்டின் அடியில் கண்ணுக்கே தெரியாத சிறு புள்ளியாகத் தொடங்கியிருக்கும். வெளியே தூர் கட்டிய பச்சைப் பயிர் மட்டும் தெரியும். எத்தனை மணி வரப்போகிறது என்ற முடிவு உள்ளே நடந்துகொண்டிருக்கும்.

அந்த ஜூலையும் ஆகஸ்ட்டும்தான் உழவர் வீட்டில் பானை காலியாகும் மாதங்கள். போன ஆண்டு நெல் தீர்ந்திருக்கும். புது நெல் வயலில் நிற்கும். துளு நாட்டில் ஆட்டி மாதத்தின் பஞ்சத்தைப் பற்றிப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். காட்டுக் கீரையும் சேம்பிலையும் பலாக்கொட்டையும் வயிற்றைக் காத்த நாட்கள் அவை. இந்தியாவின் பல புதுக்கதிர் விழாக்கள் இந்தப் பசிக்காலத்தின் விளிம்பில் வருவதற்குக் காரணம் இதுதான். ஒடிசாவின் மேற்கே நுவாக்காய், கேரளத்துக் கோயில்களில் நிறபுத்தரி ஆகியவை ஆகஸ்ட், செப்டம்பரை ஒட்டி வருகின்றன. குடகின் ஹுத்தரி நவம்பர், டிசம்பரில் வரும். அங்கே நெல் முற்றுவது அப்போதுதான். யாழ்ப்பாணத்தில் தைப்பூசத்தை ஒட்டிப் புதிர் எடுப்பார்கள். நம் பொங்கலும் சம்பா அறுப்பைப் பார்த்து நிற்கிறது. வழிபடும் தெய்வங்கள் வேறாக இருந்தாலும், தேதியைக் குறித்துக் கொடுத்தது அந்தந்த ஊரின் மழையும் நெல் ரகமும்தான்.

தொண்டைக்கதிராக இருந்த பயிர் கதிரை வெளியே தள்ளியதும் பூக்கத் தொடங்கும். நெற்பூ காலை 9 மணிக்கும் நண்பகலுக்கும் நடுவே திறக்கிறது. ஒரு பூ திறந்திருப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம். பூவின் அடியில் இரண்டு சிறு செதில்கள் தண்ணீரை உறிஞ்சிப் பருத்து, உமியின் இரு பாதிகளையும் நெம்பித் திறக்கின்றன. ஆறு மகரந்தப் பைகள் வெளியே தொங்குகின்றன. மகரந்தம் உயிரோடு இருப்பது சில நிமிடங்களே. அதற்குள் சூல்முடியில் விழ வேண்டும். பிறகு உமி மூடிக்கொள்ளும், மறுபடி திறக்காது. அந்த நேரத்தில் அடைமழை அடித்தால், அல்லது வெயில் 35 டிகிரி செல்சியசைத் தாண்டினால், பல பூக்கள் பதராகிவிடும். ஒரு கதிரின் பூக்கள் எல்லாம் மேலிருந்து கீழாகப் பூத்து முடிய ஒரு வாரம் ஆகும். அந்த வாரத்தின் முற்பகல்களே ஒரு குடும்பத்தின் ஆண்டுச் சோற்றைத் தீர்மானிக்கின்றன.

மகரந்தம் விழுந்தபின் நடப்பது இன்னும் வியப்பு. அதிலிருந்து இரண்டு ஆண் அணுக்கள் உள்ளே போகின்றன. ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. அதுதான் அடுத்த தலைமுறைச் செடி. மற்றொன்று தாய்ப் பக்கத்தின் இரண்டு உட்கருக்களோடு சேர்ந்து வேறொன்றை உருவாக்குகிறது. பூக்கும் செடிகளின் இந்த இரட்டைக் கருவுறுதலை 1898இல் ரஷ்ய அறிஞர் நவாஷின் கண்டறிந்தார். நெல்லின் கருவில் 24 குரோமோசோம்கள். உடன் பிறந்த அந்த மற்றொன்றில் 36. அதற்குக் கருவூண் என்று பெயர். அது செடியாக வளராது, விதை விடாது. தன்னை முழுதும் மாவுச்சத்தால் நிரப்பிக்கொண்டு, கருவுக்கு உணவாகி முடிந்துபோகும். நாம் சோறு என்று உண்பது இதைத்தான். மண்ணில் இறங்கப்போகும் பிள்ளைக்குத் தாய்ப்பயிர் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு அது. வழியில் நாம் வாங்கிக்கொள்கிறோம்.

முதல் மூன்று நாளுக்குக் கருவூணில் சுவர்களே கிடையாது. உட்கருக்கள் மட்டும் பெருகிக்கொண்டே போகும். பிறகு சுவர்கள் எழுந்து அறைகளாகும். அறைகளில் மாவுமணிகள் சேரும். அந்தக் கட்டத்தில் மணியை நகத்தால் அழுத்தினால் வெள்ளையாகச் சாறு வரும். நம் உழவர்கள் இதைப் பால் பிடிப்பது என்கிறார்கள். நீரில் மிதக்கும் மாவுமணிகள்தான் அந்த வெண்மை. அந்த மாவுக்கு வேண்டிய சர்க்கரையில் பெரும்பகுதியைச் சமைத்துக் கொடுப்பது கதிருக்கு நேர் கீழே நிற்கும் கண்ணாடி இலை. அதற்கு மேலும் தேவைப்பட்டால், தாளில் சேர்த்து வைத்திருந்த மாவையும் பயிர் கரைத்து அனுப்புகிறது. ஒவ்வொரு மணிக்கும் முக்கியமாக உணவு கொண்டுவருவது ஒரே ஒரு நாளக்கற்றை. அதுவும் மணியின் ஓரத்தோடு நின்றுவிடுகிறது. தாய்க்கும் உள்ளே வளரும் பிள்ளைக்கும் நேரடிக் குழாய் கிடையாது. சர்க்கரை அந்த இடைவெளியைக் கசிந்து கடந்துதான் உள்ளே போகிறது. அப்படிக் கசிந்தே மணி நிறைகிறது. நிறைய நிறையக் கதிர் தலை சாய்கிறது. மேலே முதலில் பூத்த மணிகள் முதலில் நிறைகின்றன. அடியில் இருப்பவை கடைசியில். மழை முகிலால் வெயில் குறைந்தால் அடிமணிகளே முதலில் பட்டினி கிடக்கும்.

ஆலயத்தில் கொடுக்கப்படும் கதிரில் இவை எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கலாம். நுனியில் பொன்னிறம், நடுவில் மஞ்சள் கலந்த பச்சை, அடியில் பச்சை. உரித்தால் சில மணிகளின் தோலும் பச்சையாக இருக்கும். கடற்கரையின் சிவப்பரிசி ரகமானால் முற்ற முற்றத்தான் அந்தப் பச்சை சிவப்பாகும்.

ஒரு மணி நெல்லின் எடை ஏறக்குறைய 25 மில்லிகிராம். ஒரு கிலோ நெல் விளைய, மழையாகவும் பாசனமாகவும் வயலுக்குச் சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் வந்தாக வேண்டும் என்பது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. ஒரு கிலோவில் 40,000 மணிகள் என்று வைத்தால், ஒரு மணிக்கு 60 மில்லிலிட்டருக்கு மேல். தபால் உறையில் ஐந்து மணி வைத்து அனுப்பிய அம்மா, அவற்றோடு ஒரு பெரிய டம்ளர் மழையையும் சேர்த்து அனுப்பியிருக்கிறாள்.

மழைக்காலக் கதிருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. முற்றிய விதைக்கு ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் முளைக்க வேண்டும். அதுதான் அதன் வேலை. செப்டம்பரில் கடற்கரையில் இரண்டும் தாராளம். அப்படியிருந்தும் நல்ல ரகங்கள் கதிரிலேயே முளைத்துவிடுவதில்லை. முற்றிய பின்னும் சில வாரங்களுக்கு விதை உறங்குகிறது. அப்சிசிக் அமிலம் என்ற வளர்ச்சிப்பொருள் முளையை அடக்கி வைப்பதால் வரும் உறக்கம் இது. மழையில் அறுக்க வேண்டிய பகுதிகளில் இந்த உறக்கம் இல்லாத ரகம் எவ்வளவு விளைந்தாலும் உதவாது.

அடுக்களையிலும் இந்த விழாவுக்கு ஒரு அறிவியல் உண்டு. புது அரிசி குழையும். பழைய அரிசி உதிரியாக வரும். அரிசி பழையதாக ஆக, அதிலுள்ள புரதங்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்துகொள்கின்றன. கொழுப்பும் சிதைந்து மாவோடு சேர்கிறது. அதனால் வேகும்போது மாவு வெளியே கசிவது குறையும். புது அரிசியில் அந்தக் கட்டு இன்னும் விழவில்லை. மாவு பாலில் கரைந்து கெட்டியாகிறது. புத்தரிசி என்றாலே பொங்கலும் பாயசமும் என்று நாடெங்கும் ஆனதற்கு நாக்கு கண்ட காரணம் இது. இலையில் வரும் சேம்பந்தண்டுக் குழம்பும் அதே பருவத்தின் பிள்ளை. சேம்பில் ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருப்பதால் தொண்டை அரிக்கும். அதை நன்றாக வேகவைத்து, புளிப்பான அம்படேக் காய் சேர்த்துச் சமைக்கிறார்கள். கருணைக்கிழங்குக்கு நாம் புளி சேர்ப்பதும் இதே அனுபவ அறிவால்தான். பசிக்காலத்தில் உயிர் காத்த சேம்புக்கு விருந்துநாள் இலையிலும் இடம் வைத்தது நல்ல மனிதர்களின் பழக்கம்.

இந்த விழா பெங்களூருக்கு வரும்போது ஒரு முரண் தோன்றுகிறது. மங்களூரில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை, உச்சம் ஜூலை. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி ஏறக்குறைய 350 கிலோமீட்டர் வந்து, 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் 1,000 மில்லிமீட்டர் அளவில்தான் மழை. அதன் உச்சம் செப்டம்பரிலும் அக்டோபரிலும். கடற்காற்று சுமந்து வரும் ஈரத்தை மலை வாங்கிக்கொண்டு மீதியைத்தான் இந்தப் பக்கம் விடுகிறது. அதனால் இது அடிப்படையில் கேழ்வரகு மண். செப்டம்பர் 8 அன்று பெங்களூரைச் சுற்றிய கேழ்வரகு வயல்களில் அறுப்புக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும். கடற்கரையின் நாட்காட்டி இந்த மேட்டு நிலத்துக்குப் பொருந்தாது. இருந்தும் மக்கள் தேதியை மாற்றவில்லை, கதிரை வரவழைக்கிறார்கள். இரவுப் பேருந்தில் மலை ஏறி வரும் அந்தக் கட்டு, அடுக்ககத்தில் வளரும் குழந்தைக்குத் தன் சோறு ஒரு மண்ணில், ஒரு மழையில் பிறந்தது என்பதைக் கையில் தொட்டுச் சொல்கிறது.

அந்த மண்ணும் மழையும் இப்போது நம்மிடம் வேறு ஒன்றைக் கேட்கின்றன. துளு நாட்டில் நெல்வயல்கள் பாக்குத் தோட்டங்களாகவும் வீட்டு மனைகளாகவும் மாறி வருகின்றன. இரவுகள் சூடேறுகின்றன. பிலிப்பைன்சில் உள்ள அதே சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வயல்களில் 1992 முதல் 2003 வரை சேர்த்த தரவுகளை ஆராய்ந்தவர்கள், வறண்ட பட்டத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை ஒரு டிகிரி கூடும்போது விளைச்சல் 10 விழுக்காடு குறைந்ததைக் கண்டார்கள். இரவிலும் பயிர் மூச்சு விடுகிறது. சூடு கூடினால் பகலில் சேர்த்த சர்க்கரையை இரவே அதிகம் எரித்துவிடும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. பால் பிடித்த கதிர் மணியாகும் அந்த 30 நாட்களின் இரவுகள் எவ்வளவு சூடாக இருக்கப்போகின்றன என்பதை இனி மனிதர்களின் செயலும் சேர்ந்தே முடிவு செய்யும்.

மோந்தி விழாவின் ஞானம் இங்கேதான் எனக்கு விளங்குகிறது. விளைந்து முடிந்ததற்கு நன்றி சொன்னால் கணக்குத் தீர்ந்துவிடும். விளைந்துகொண்டிருப்பதற்கு நன்றி சொன்னவர், மீதி நாட்களுக்குக் கடன்பட்டவர். வரப்பை அடைக்க வேண்டும், களை பார்க்க வேண்டும், தண்ணீரை வடிக்க வேண்டும். கதிரை வாங்கிக்கொண்டு ஆலயத்திலிருந்து வீடு திரும்பிய உழவர் மறுநாள் காலை அதே வயலுக்குத்தான் போனார். நகரத்தில் வாழும் நமக்கும் அந்தக் கடனில் பங்கு உண்டு: நாம் உண்ணும் அரிசி எந்த ஊர் வயலில் விளைந்தது என்று கேட்டறிவது, அந்த உழவருக்குக் கட்டுப்படியாகும் விலை கொடுப்பது, நெல்வயல்களை விட்டுக்கொடுக்காமல் காப்பது. அடுத்த செப்டம்பரில் உங்கள் மங்களூர் நண்பர் வீட்டில் ஒரு கரண்டிப் பாயசம் கையில் விழுந்தால் உண்டு மகிழுங்கள். பிறகு, இந்தக் கதிர் எந்த வயலிலிருந்து வந்தது என்று அவரிடம் கேளுங்கள். அந்த வயல் அடுத்த ஆண்டும் வயலாகவே இருக்க என்ன செய்யலாம் என்ற பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.